மலை ஏறக்கூடாத வருஷம்

கணவன் இறந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. தலைத்திவசம் கொடுக்கும்வரை அப்படித்தான். இதை எனக்கு நினைவூட்டுவதற்காகவே என் நாத்தனார் பினாங்குத் தீவின் மறுபக்கமிருக்கும் பாலிக் புலாவிலிருந்து காரில் வந்தார். அங்கிருந்து நாங்கள் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு வரும் பாதையில் மலை ஏறி இறங்காமல் வர முடியாது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி, இறங்கி, பிறகு லிஃப்டில் ஏழாவது மாடிக்கும் ஏறி என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மலை ஏறக்கூடாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"நீங்க இப்போ எப்படிக்கா வந்தீங்க?"

"அது வேற லா. காடியில ஏறுனா ஏறுனதா? கணக்கில்ல."

கார், வேன், லாரி எல்லாமே எங்கள் ஊரில் காடிதான். என் கணவரைவிட ஏழு வயது மூத்தவர் இந்த அக்கா. கணவர் கூப்பிட்ட மாதிரியே நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. ஆனால் எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை இவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். எனக்குச் சுர்ரென்று வந்தது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பாயா தெருபோங் பக்கத்து அடுக்குமாடிகள் பாதிக்குமேல் மலைச்சரிவில்தான் நிற்கின்றன. காலையில் இரண்டு நடை, மதியம் இரண்டு நடை, பிள்ளைகளை அடைத்துக்கொண்டு முதல் கியரில் உறுமியபடி அந்த மேட்டில் ஏறுகிறேன். கருமாதி முடிந்த மறுநாளே வேனை எடுத்தேன். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேறு ஆளில்லை. அன்றைக்கு எந்தச் சொந்தக்காரரும் வந்து மலையைப் பற்றிப் பேசவில்லை. சம்பாதிக்கப் போனால் மேடு, சந்தோஷத்துக்குப் போனால் மலை. இதுதான் அவர்கள் போட்டுவைத்திருக்கும் கோடு என்று எனக்கு அப்போது விளங்கியது.

பிரச்சினைக்குக் காரணம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழே தொங்கிய மூன்று டிக்கெட்டுகள்.

கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். போன வருஷம் அவர்களுடைய ஆண்டு விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தொலைக்காட்சி விழுந்தது. எதிரில் இருந்தவருக்கு ரைஸ் குக்கர். இவருக்கு விழுந்தது ஒரு மலைப் பூங்காவுக்கு மூன்று டிக்கெட். பாலிக் புலாவுக்கு மேலே பழைய டுரியான் தோட்டம் ஒன்றைத் திருத்தி, சைக்கிள் தடமும் கம்பியில் தொங்கிப் பறக்கும் ஃபிளையிங் ஃபாக்ஸும் போட்டிருக்கிறார்களே, அந்த இடம். மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஏனென்றால் என் கணவரைப் போல உயரத்துக்குப் பயந்த மனிதரைப் பினாங்கு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பாலத்தில் கார் ஓட்டும்போது நடுத்தடத்தை விட்டு விலகமாட்டார். எங்கள் ஏழாவது மாடி வராந்தாவில் துணி காயப்போடுவது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. அதற்குக் காரணம் மரபு இல்லை, பயம்.

"போவோம் லா," என்பார். "டுரியான் சீசன் முடியட்டும், ரோடு ஜாமா இருக்கும்."

டுரியான் சீசன் முடிந்தது. "மழை நிக்கட்டும்," என்றார். மழை நிற்பதற்குள் ஒரு செப்டம்பர் காலையில் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த முறுக்கை நானும் மகளும் தின்றோம். மூன்று கல்யாணங்களுக்குப் போகவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமே திரும்பவில்லை. மே மாதம் ஒருநாள் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது கதவில் இருந்த டிக்கெட் கண்ணில் பட்டது. ஜூன் கடைசிவரைதான் செல்லும் என்று போட்டிருந்தது. தலைத்திவசம் செப்டம்பரில்.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். போகிறேன்.

பூங்காமீது எனக்குத் தனி ஆசை எதுவும் கிடையாது. நாற்பத்தேழு வயதில், வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த உடம்போடு கம்பியில் தொங்க யாருக்கு ஆசை வரும்? ஆனால் எனக்கு என் அம்மாவின் கதை தெரியும். அப்பா இறந்தபோது அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு வருஷம் எங்கேயும் போகாதே என்றார்கள். அம்மா போகவில்லை. அந்த வருஷம் முடிந்த அன்று யாரும் வந்து, முடிந்தது, இனி வெளியே வா என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அம்மா காத்திருந்தாள் என நினைக்கிறேன். பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் கடற்கரை. சாகும்வரை அவள் அங்கே மறுபடி போகவில்லை. ஒரு வருஷம் என்று ஆரம்பித்தது முப்பது வருஷம் ஓடிவிட்டது. கதவில் தொங்கிய டிக்கெட் காலாவதியாகும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் அதுதான் நடக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு முன்னால் கம்பி ஒரு பொருட்டே இல்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேனா? இல்லை. கோபத்தில் இருக்கும்போது நல்ல காரணம் எதுவும் என் வாயில் வராது. "டிக்கெட் உங்க தம்பியோடது. நான் போறேன்," என்றேன்.

"நாலு பேரு பாப்பாங்க. என் வீட்டுக்கு மேலதான் அந்த மலை இருக்கு. நான் எப்படி வெளியே தலைகாட்டுறது?"

"பாக்காம இருக்கச் சொல்லுங்க."

அக்கா தண்ணீர்க் கோப்பையை மேசையில் ஓசை வரும்படி வைத்துவிட்டுப் போனார்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. வேனிலேயே கிளம்பினோம், நானும் மகளும். மகளுக்கு இருபது வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அப்பா போனதிலிருந்து வீட்டில் சத்தமாகப் பாட்டுக்கூட வைக்கமாட்டாள். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்பது பூங்கா வாசலில் தெரிந்தது. அக்கா அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தைகிட்ட நான்தான் சொன்னேன்," என்றாள் மகள். "சொல்லாமப் போனா மோசமா இருக்கும்மா."

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்க்காதவளைப்போல நேரே கவுண்டருக்குப் போனேன்.

கவுண்டரில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். முக்காட்டின்மேல் ஹெல்மெட் போட்டிருந்தாள். கம்பி வேலைக்கும் அவள்தான் பொறுப்பு. முதலில் எடை போட்டார்கள், அதுவும் எல்லார் முன்னாலும். அந்த எண்ணைப் புறங்கையில் மார்க்கர் பேனாவால் எழுதினார்கள். எழுபத்தொன்பது. மகள் ஐம்பத்திரண்டு. பிறகு ஒரு படிவம். எதுவும் ஆனால் பூங்காவைக் குறை சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் ஒரே எண்ணைத்தான் எழுதிவந்திருக்கிறேன். கை தானாக முதல் மூன்று இலக்கங்களை எழுதிவிட்டது. அடித்தேன். மகள் எண்ணைப் போடலாமா என்றால் அவளும் என்கூடத்தான் தொங்கப்போகிறாள். வேறு யார்? நான் செத்தால் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரக்கூடிய ஒரே ஆள் பத்தடி தூரத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். கோபத்தோடு எழுதினாலும் கையெழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது.

மலாய்ப் பெண் மூன்று டிக்கெட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பெஞ்சைக் காட்டி, அந்த அக்காவும் வருகிறார்களா என்று மலாயில் கேட்டாள். அதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டார்.

"கடைசியா சொல்றேன்மா. இன்னும் நாலு மாசம்தான். ஏறாதே."

மேலே போக இரண்டு வழி இருந்தது. ஒன்று பூங்காவின் சிறிய லாரி. இன்னொன்று தடித்த டயர் போட்ட சைக்கிள், தோட்டத்துக்குள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் மண் தடத்தில். வயதானவர்கள் லாரியில் போகலாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

"ஏறத்தான் போறேன்," என்றேன். "லாரியிலகூட இல்ல. அப்புறம் கணக்கில்லன்னு சொல்லிடுவீங்க. சைக்கிள்ல, என் கால்ல மிதிச்சு ஏறுறேன். பாத்துக்குங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் வேனிலும் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கிறவளாயிற்றே.

"இந்த மூணாவது டிக்கெட்டுல நீங்க வாங்கக்கா. உங்களுக்கு என்ன தடை? நீங்க கட்டிக் கொடுத்த பொண்ணு, வேற வீடு. மூணு நாள்ல உங்க தீட்டு முடிஞ்சுபோச்சு. தைப்பூசத்துக்கு வழக்கம்போலப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை ஏறியிருப்பீங்க. எனக்கு மட்டும்தான் சட்டம்."

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறல," என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை.

"இருபது வருஷமா எடுத்த பால்குடம். இந்த வருஷம் எடுக்கல. ஏறல. யாரும் ஏறாதேன்னு சொல்லல, நீ சொன்ன மாதிரி எனக்கு மூணு நாள்தான். சின்ன வயசுல எங்கம்மா தோட்ட வேலைக்குப் போயிடுவாங்க. அவனை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது நான். இந்தப் பக்கம் இடுப்பு இன்னிக்கும் கொஞ்சம் இறக்கமா இருக்கும். அதுக்கு மூணு நாள். நாலாம் நாள் எங்க வீட்டுல பாயாசம் வெச்சாங்க, யாருக்கோ பொறந்தநாளு. நான் குடிச்சேன்."

குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்டு மாதமாக இந்தப் பெண்மணி என்மேல் போட்ட ஒவ்வொரு தடையும் அவர் தன்மேலும் போட்டுக்கொண்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கிடைத்த ஒரு வருஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் அதைச் சிறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதில் ஓரமாகவாவது ஓர் இடம் வேண்டியிருந்தது. கேட்கத் தெரியாமல் எனக்குக் காவல் நின்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவர் துக்கம் உண்மை என்பதால் என் அம்மாவின் முப்பது வருஷம் பொய்யாகிவிடாது. மூன்றாவது டிக்கெட்டை அக்கா கையில் வைத்தேன். "இது உங்ககிட்ட இருக்கட்டும்," என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

சைக்கிள் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் கியர் மாற்றத் தெரியாமல் சங்கிலி கழன்றது. வேனின் கியரைப் பதினைந்து வருஷம் மாற்றியவளுக்கு அது பெரிய அவமானம். மகள் இறங்கி மாட்டிக் கொடுத்தாள். பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். டுரியான் மரங்களுக்கடியில் பழம் தாங்க வலை கட்டியிருந்தார்கள். வலைக்குள் ஒரு பழம் கிடந்து நாறியது. லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது அதில் இருந்த சீனக் குடும்பம் கைதட்டியது. நானும் ஒரு கையை விட்டு அசைத்தேன், கிட்டத்தட்ட விழப் பார்த்தேன். மகள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் பல் தெரிய நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உச்சியில் மரப்பலகை மேடை. அதிலிருந்து கம்பி நேராக மரங்களுக்கு மேலே ஓடி, கீழே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைத் தாண்டி முடிகிறது. லாரியில் முன்பே வந்து சேர்ந்திருந்த மலாய்ப் பெண் என் இடுப்பிலும் தொடையிலும் வார்களை இறுக்கினாள். மூன்று கொக்கிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துக் காட்டினாள்.

"தாக்குட், காக்?" என்றாள். பயமா அக்கா என்று அர்த்தம்.

"என் வீட்டுக்காரர் இதைவிடப் பயந்தவர்," என்று மலாயில் சொன்னேன். அவர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மகள் முதலில் போனாள். ஒரு கணம் நின்றாள், அடுத்த கணம் இல்லை. பிறகு என் முறை. கால் பலகையை விட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாவு வீட்டில்கூட நான் அப்படிக் கத்தவில்லை. அன்றைக்கு யார் யாருக்கு டீ, வண்டிக்கு யார் சொன்னது என்று கவனிப்பதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது. இங்கே கவனிக்க ஒன்றுமில்லை.

"பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். "மழை நிக்கட்டும், மழை நிக்கட்டும்னு சொல்லிச் சொல்லியே போயிட்டியே! நீயும் வந்திருக்கலாம் லா!"

வாழ்நாளில் அவரை ஒருமையில் பேசியதில்லை. அன்று பேசினேன். என் கோபமெல்லாம் அக்காமீது இல்லை, அவர்மீதுதான். அது கம்பி முழுக்க வழிந்து தீர்ந்தது. கீழே வந்து நின்றபோது முகம் முழுக்க ஈரம். துடைக்கவில்லை.

வார்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா குளத்தைச் சுற்றி வந்தார். நான் கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். ஒருமையில் பேசியதற்குத்தான் முதலில் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டியா?" என்றார்.

"ஆமா."

"அவனும் அப்படித்தான். திருவிழாவுல ராட்டினத்துல ஏத்திவிட்டா இறங்குற வரைக்கும் கண்ணைத் திறக்க மாட்டான். இறங்கி வந்து, எல்லாம் பார்த்தேன்னு சொல்லுவான்." மூன்றாவது டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். குடைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருந்ததில் கசங்கிப்போயிருந்தது. "நான் ஏறமாட்டேன். செப்டம்பர் வரைக்கும் ஏறமாட்டேன். நீ போ. இந்தத் தடவை கண்ணைத் திறந்துக்கிட்டுப் போ. மேலேருந்து என் வீடு தெரியுதான்னு பார்த்துச் சொல்லு."

"காலு ரெண்டும் செத்துப்போச்சுக்கா. இன்னொரு தடவை மிதிக்க முடியாது."

"லாரியில போ," என்றார் அக்கா. "காடியில ஏறுனா கணக்கில்ல."

முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். வாய் இறுகித்தான் இருந்தது. ஆனால் மகள் பின்னால் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

லாரியில் ஏறினேன். மேடையில் என்னை மறுபடி பார்த்த மலாய்ப் பெண் புருவத்தை உயர்த்தினாள், மூன்று கொக்கிகளையும் இழுத்துப் பார்த்தாள். டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள். என் கணவருடைய டிக்கெட். அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. திறந்துவைத்திருப்பதுதான் கஷ்டம், காற்று கண்ணீரை வரவழைக்கிறது. முதலில் மரங்களின் தலைகள் தெரிந்தன, பிறகு வயல், வயலுக்கு அப்பால் தட்டையாகக் கடல். சாலையோரம் ஒரு நீலத் தகரக் கூரை, முன்னால் கொய்யா மரம், முற்றத்தில் காயப்போட்டிருந்த ஜாதிக்காய்த் தட்டுகள்.

"அக்கா! தெரியுது! உங்க வீடு தெரியுது! ஜாதிக்காயைக்கூட எடுக்காம வந்துட்டீங்க!"

கீழே பெஞ்சில் இருந்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், கவுண்டரில் படிவம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் நடுவே ஒரு கறுப்புக் குடை விரிந்து இப்படியும் அப்படியும் ஆடியது.

பார்க்கட்டும்.